ஸ்டீராய்டு கேட்கலைன்னா அடுத்தது என்ன? மூன்றாம் நாள் எடுக்க வேண்டிய முடிவு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

குடல்நோய் மருத்துவராக இந்த நிகழ்ச்சியில் நான் வழக்கமா பேசுறது நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், கொழுப்புக் கல்லீரல் மாதிரி விஷயங்கள். எல்லாமே நிதானமா யோசிச்சு முடிவெடுக்கக்கூடியவை. இன்னிக்கு எடுத்திருக்கிற விஷயத்துக்கு அந்த நிதானம் கிடையாது.

போன மாசம் ஒரு சகோதரி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "டாக்டர், எங்க அண்ணனுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். ஆஸ்பத்திரியில சேர்த்து ஸ்டீராய்டு ஊசி போட்டு இன்னியோட நாலு நாள் ஆச்சு. ரத்தம் நிக்கலை. இப்போ பயாலஜிக் ஊசி போடணும், அதுவும் கேக்கலைன்னா குடலையே எடுக்கணும்னு சொல்றாங்க. இன்னும் ஒரு வாரம் ஸ்டீராய்டே போட்டுப் பாக்கக் கூடாதா?"

அவங்களுக்கு அன்னிக்கே பதில் சொல்லிட்டேன். கூடாது. அங்க இருக்கிற டாக்டர் சரியாத்தான் சொல்றார், அவர் பேச்சைக் கேளுங்க. ஏன் கூடாதுன்னு விளக்கத்தான் இன்னிக்கு எபிசோடு. இடையில் என்னோட ஒரு தவறையும் சொல்ல வேண்டியிருக்கு.

முதல்ல, இது என்ன நோய்?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னா பெருங்குடலின் உள்தோல் அழற்சியாகிப் புண்ணாகிறது. கிருமியால் வருவதில்லை. நம்ம நோய் எதிர்ப்பு மண்டலமே குடலைத் தாக்குது. மலக்குடலில் ஆரம்பித்து மேல்நோக்கிப் பரவும். ரத்தமும் சளியுமா வெளிக்குப் போகும். நம்ம ஊர்ல இதை முதல்ல மூலம்னு நினைப்பாங்க, இல்லன்னா சீதபேதின்னு நினைச்சு மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கிச் சாப்பிடுவாங்க. சில மாசம் அப்படியே போயிடும்.

பெரும்பாலானவங்களுக்கு இது மாத்திரையிலும் எனிமாவிலும் கட்டுப்படும். ஒரு சிலருக்கு மட்டும் திடீர்னு கொழுந்துவிட்டு எரியும். எப்போ அதைக் 'கடுமையானது'ன்னு சொல்றோம்? இதுக்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கு. ஒரு நாளைக்கு 6 தடவை அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு மலம் போகணும். அதோட காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல், நாடித்துடிப்பு 90க்கு மேல், ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், ஈ.எஸ்.ஆர். 30க்கு மேல், இந்த நாலில் ஏதாவது ஒண்ணு இருக்கணும். இருந்தால் அது வீட்டில் வைத்துப் பார்க்கிற நோய் இல்லை. அன்னிக்கே ஆஸ்பத்திரியில் சேரணும்.

இந்த அளவுகோல் எப்போ வந்ததுன்னு நினைக்கிறீங்க? 1955ல். ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த நோய்க்குக் கார்ட்டிசோன் கொடுத்துச் சோதித்த ஆய்வு அந்த வருஷம்தான் வெளியானது. அதுக்கு முன்னாடி கடுமையான தாக்குதல் வந்தால் உயிர் பிழைப்பதே கேள்விக்குறி. ஸ்டீராய்டு வந்தபிறகு அது மாறிப்போச்சு. இன்னிக்கு நல்ல அனுபவமுள்ள மையங்களில் இறப்பு சுமார் 1 சதவீதம். அதனால ஸ்டீராய்டைப் பத்தி நான் குறைவா பேசப்போறதில்லை. எத்தனையோ உயிரைக் காப்பாத்தின மருந்து அது.

ஆனா அதுக்கும் ஒரு எல்லை உண்டு. இப்படிக் கடுமையா வர்றவங்களில் ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு, ஊசியா போட்டாலும் ஸ்டீராய்டு போதுமான பலன் தர்றதில்லை. அந்த மூணாவது ஆளைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசுறோம்.

நான் காத்திருந்த கதை

பல வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. நான் படிப்பை முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசு. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில வேலை பார்த்த 24 வயசுப் பையன் வந்தார். ரெண்டு மாசமா மூலத்துக்கு வைத்தியம் பார்த்திருக்காங்க. வரும்போது ஒரு நாளைக்கு 11 தடவை ரத்தமா போயிட்டிருந்தது. ஸ்டீராய்டு ஊசி ஆரம்பிச்சோம்.

மூணாவது நாள் காலைல ரவுண்ட்ஸ் போறேன். 9 தடவை போயிருக்கார். ரத்தத்தில் சி.ஆர்.பி. 70க்கு மேல். சி.ஆர்.பி.ங்கிறது உடம்பில் அழற்சி எவ்வளவு இருக்குன்னு காட்டுற பரிசோதனை. சாதாரணமா 5, 6க்குள்ள இருக்கணும். நான் என்ன செஞ்சிருக்கணும்? அன்னிக்கே அடுத்த கட்டத்தைப் பேசியிருக்கணும். ஏன்னா 1996லயே ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒரு தெளிவான விதி வந்தாச்சு. ஸ்டீராய்டு ஆரம்பித்த மூன்றாம் நாள் 8 தடவைக்கு மேல் போனாலோ, அல்லது 3 முதல் 8 தடவை போய் சி.ஆர்.பி. 45க்கு மேல் இருந்தாலோ, அப்படிப்பட்டவங்களில் 85 சதவீதம் பேருக்கு அந்த அட்மிஷனிலேயே பெருங்குடலை எடுக்க வேண்டி வந்திருக்கு. அதாவது, மூணாவது நாளே விடை எழுதியாச்சு.

எனக்கு அந்த விதி தெரியும். பரீட்சையில எழுதியிருக்கேன். ஆனா அன்னிக்குக் காலைல நான் சொன்னது: "நேத்து 11, இன்னிக்கு 9. குறையுது. இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்."

அந்த அம்மாவும் அதைத்தான் கேட்க விரும்பினாங்க. "வயித்தைக் கிழிக்க வேண்டாம் சாமி, கல்யாணம் பண்ண வேண்டிய பையன்"னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. நானும் தலையாட்டிட்டேன். ரெண்டு நாள் மூணு நாளாச்சு. ஆறாவது நாள்தான் இன்ஃப்ளிக்ஸிமாப் போடலாம்னு முடிவு பண்ணினோம். அப்பத்தான் பார்த்தா, அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய டி.பி. பரிசோதனை எதையும் நான் அனுப்பவே இல்லை. அதுக்கு ரெண்டு நாள் போச்சு. மருந்து ஏறினது எட்டாவது நாள்.

பதினோராவது நாள் ராத்திரி நாடித்துடிப்பு 130. வயிறு உப்பியிருக்கு, ஆனா வலி பெருசா இல்லைன்னு அவரே சொல்றார். இதுதான் ஸ்டீராய்டோட இன்னொரு முகம்: உள்ளே குடல் ஓட்டையானால்கூட வலியையும் காய்ச்சலையும் மறைச்சிடும். எக்ஸ்ரே எடுத்தால் உதரவிதானத்துக்குக் கீழே காற்று. குடல் ஓட்டையாகியிருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆபரேஷன். சர்ஜன் வெளியே வந்து சொன்னார்: "தொட்டா நனைஞ்ச காகிதம் மாதிரி கையோட வருது."

பையன் பிழைச்சுக்கிட்டார். 19 நாள் ஐ.சி.யூ. ஆறு மாசம் கழிச்சு செக்கப்புக்கு வந்தப்போ, வயித்தில இருந்த பையைத் தட்டிக் காட்டி, கோபமே இல்லாமல் கேட்டார்: "சார், இதை மூணாவது நாளே சொல்லியிருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேன். எல்லாரும் எங்கம்மாகிட்டயே பேசினீங்க. என்கிட்ட யாருமே கேக்கலையே?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட இன்னிக்கு வரைக்கும் பதில் இல்லை. ஆனா அதுக்கப்புறம் எந்த நோயாளிக்கும் மூணாவது நாள் காலையை நான் தவற விட்டதில்லை.

ரெஸ்க்யூ மருந்துகள்

ஸ்டீராய்டு கேட்காதபோது குடலைக் காப்பாற்றப் போடுற மருந்தைத்தான் 'ரெஸ்க்யூ தெரபி'ன்னு சொல்றோம்.

முதலில் வந்தது சைக்ளோஸ்போரின். சிறுநீரகம் மாற்றினவங்களுக்குக் கொடுக்கிற மருந்து. 1994ல் அமெரிக்காவில் வெறும் 20 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சைக்ளோஸ்போரின் வாங்கிய 11 பேரில் 9 பேருக்குப் பலன். வெற்று மருந்து வாங்கிய 9 பேரில் ஒருத்தருக்குக்கூட இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனா அதுவரைக்கும் 'ஸ்டீராய்டு இல்லன்னா ஆபரேஷன்'னு இருந்த இடத்தில் நடுவில் ஒரு கதவு திறந்தது. குறைகளும் உண்டு. சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், மெக்னீசியம் குறைவா இருந்தால் வலிப்பு வரலாம். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கணும்.

அடுத்து வந்ததுதான் பயாலஜிக், அதாவது இன்ஃப்ளிக்ஸிமாப். மாத்திரை மாதிரி ரசாயனத்தைக் கலந்து செய்றது இல்லை. உயிருள்ள செல்களில் வளர்த்து எடுக்கிற புரதம், ஓர் ஆன்டிபாடி. நம்ம உடம்பில் டி.என்.எஃப்.னு ஒரு பொருள் இருக்கு. அழற்சி நடக்கிற இடத்துக்கு 'வாங்க, வாங்க'ன்னு மற்ற செல்களைக் கூப்பிடுற தூதுவர்னு வைச்சுக்கோங்க. இன்ஃப்ளிக்ஸிமாப் அந்தத் தூதுவரைப் பிடிச்சுக் கட்டிப்போடும். கூப்பிட ஆள் இல்லைன்னா கூட்டம் கலையும், புண் ஆற ஆரம்பிக்கும்.

2005ல் ஸ்வீடனும் டென்மார்க்கும் சேர்ந்து செய்த ஆய்வில், ஒரே ஒரு டோஸ் இன்ஃப்ளிக்ஸிமாப் வாங்கிய 24 பேரில் 7 பேருக்கு மூன்று மாதத்துக்குள் குடலை எடுக்க வேண்டி வந்தது. வெற்று மருந்து வாங்கிய 21 பேரில் 14 பேருக்கு. ரெண்டு எண்ணையும் கவனியுங்க. மருந்து நிச்சயமா வேலை செய்யுது. அதே சமயம், மருந்து போட்டும் 7 பேருக்குக் குடல் போயிருக்கு. நோயாளிகிட்ட பேசும்போது ரெண்டு பாதியையும் சொல்லணும். "இந்த ஊசி போட்டா எல்லாம் சரியாயிடும்"னு மட்டும் சொன்னா அது பாதி உண்மை.

இந்த ரெண்டில் எது உசத்தி? 2012ல் ஐரோப்பாவிலும் 2016ல் பிரிட்டனிலும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. அப்போ எதைத் தேர்ந்தெடுக்கிறது? சிறுநீரகம் சரியில்லைன்னா இன்ஃப்ளிக்ஸிமாப். ஏற்கெனவே அசத்தயோபிரின் சாப்பிட்டும் நோய் அடங்காதவருக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப்தான் பொருத்தம். மறைந்திருக்கும் டி.பி. பத்தி சந்தேகம் இருந்தா சைக்ளோஸ்போரின் பக்கம் சாயலாம். பணமும் ஒரு காரணம்தான், அதை மறைக்க வேண்டாம். இன்ஃப்ளிக்ஸிமாபுக்கு இப்போ பயோசிமிலர் வந்திருக்கு. அதே மருந்துக்கு நிகரானது, விலை குறைவு. 'உங்ககிட்ட எது இருக்கு, எவ்வளவு ஆகும்'னு டாக்டர்கிட்ட நேரடியா கேளுங்க. கேக்கிறதுல வெட்கமே வேண்டாம்.

இன்ஃப்ளிக்ஸிமாப் பொதுவா உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், ட்ரிப்ஸ் மூலமா ஏறும். முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம்னு மூணு டோஸ், பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை. இதில் ஒரு சிக்கல் இருக்கு. குடல் முழுக்கப் புண்ணா இருந்தா ரத்தத்தில் இருக்கிற புரதம் மலத்தோட ஒழுகிப் போகும். அதனாலதான் இவங்களுக்கு ஆல்புமின் குறையுது. இன்ஃப்ளிக்ஸிமாபும் புரதம்தானே? அதுவும் கூடவே ஒழுகுது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் நோயாளிகளின் மலத்திலேயே இந்த மருந்தை அளந்து காட்டினார்கள். 'அப்போ ரெண்டு மடங்கா கொடுத்தா என்ன?'ன்னு தோணும். ஆஸ்திரேலியாவில் அதையும் சோதிச்சாங்க. 2024ல் வெளியான முடிவு: 10 மில்லிகிராமா ஆரம்பிச்சவங்களுக்கும் 5 மில்லிகிராமா ஆரம்பிச்சவங்களுக்கும் ஏழாவது நாள் பலனில் வித்தியாசம் இல்லை. ஆகவே அளவை ஏற்றுவதைவிட, உடம்பு இன்னும் தளர்ந்துபோகாத நாளில் மருந்தை ஆரம்பிக்கிறதுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன்.

நம்ம நாட்டிலிருந்தும் ஒரு நல்ல செய்தி. டோஃபாசிட்டினிப்னு ஒரு மாத்திரை. பஞ்சாப் லூதியானாவில் நடந்த ஆய்வில், ஸ்டீராய்டு ஊசியோட முதல் நாளிலிருந்தே இதையும் சேர்த்துக் கொடுத்தாங்க. 104 பேர். ஏழாவது நாள் பலன் கிடைச்சது மாத்திரை வாங்கினவங்களில் 83 சதவீதம் பேருக்கு, வாங்காதவங்களில் 59 சதவீதம் பேருக்கு. ரத்தக்கட்டு, அக்கி மாதிரி பிரச்சினைகள் இதில் உண்டு. டாக்டரோட கண்காணிப்பில் மட்டும்தான். தயவுசெய்து இதைக் கேட்டுட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீங்க.

முதல் நாளே செய்ய வேண்டியவை

மூணாவது நாள் முடிவெடுக்கணும்னா முதல் நாளே தயாராகணும். நான் தவறவிட்டது இதைத்தான்.

முதலில் டி.பி. நம்ம நாட்டில் பலருடைய நுரையீரலில் டி.பி. கிருமி சின்ன வயசிலேயே புகுந்து தூங்கிட்டிருக்கும். அதைச் சுத்தி உடம்பு ஒரு வேலி போட்டிருக்கும். அந்த வேலிக்கு டி.என்.எஃப். தேவை. இன்ஃப்ளிக்ஸிமாப் அதைக் கட்டிப்போட்டால் வேலி உடைஞ்சு டி.பி. கிளம்பலாம். அதனால நெஞ்சு எக்ஸ்ரே, மான்டூ அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனை, எல்லாம் சேர்ந்த அன்னிக்கே. நாள் போகப் போக ஸ்டீராய்டு இந்தப் பரிசோதனைகளையே ஏமாற்றிவிடும். கூடவே ஹெபடைடிஸ் பி.

அடுத்து மலப் பரிசோதனை. நம்ம ஊரில் அமீபா இருக்கலாம், க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி இருக்கலாம். பிறகு கேமராவால் கீழ்க்குடலை மட்டும் மெதுவாப் பார்த்து ஒரு சின்னத் துண்டு எடுப்போம். சி.எம்.வி. என்ற வைரஸ் ஒளிஞ்சிருந்தால் ஸ்டீராய்டு கேக்காத மாதிரியே தெரியும். அதுக்கு மருந்து வேற.

ரத்தம் போயிட்டிருக்கிறவருக்கே ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போடுவோம். வீட்டுக்காரங்க பதறுவாங்க: "ஏற்கெனவே ரத்தம் போகுது, இதுல இதுவேறயா?" இந்த நோயில் கால் நரம்பிலும் நுரையீரலிலும் ரத்தம் கட்டிக்கிறது அதிகம். அது உயிருக்கு ஆபத்து. அதனால அந்த ஊசியை மறுக்காதீங்க. பேதியை நிறுத்துற மாத்திரை, டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை ரெண்டும் கூடாது. முதலாவது குடலைப் பலூன் மாதிரி உப்ப வைக்கலாம், ரெண்டாவது புண்ணைத் தூண்டும்.

ஆபரேஷன் தோல்வி இல்லை

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். சர்ஜன் வந்து பார்க்கிறது கடைசி நாள் இல்லை, முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள. அவர் வந்தாலே கத்தி எடுத்துட்டார்னு அர்த்தம் கிடையாது. நோயாளியை அவருக்குத் தெரியணும், நோயாளிக்கும் அவரைத் தெரியணும், அவ்வளவுதான்.

ரெஸ்க்யூ மருந்து போட்டு அஞ்சு, ஏழு நாளில் முன்னேற்றம் இல்லைன்னா ஆபரேஷன். ஒரு ரெஸ்க்யூ மருந்து தோற்றதும் இன்னொண்ணைப் போட்டுப் பார்க்க ஆசை வரும். கிருமித் தொற்று கூடும், நேரமும் போகும். மிகுந்த அனுபவமுள்ள இடங்களில், தேர்ந்தெடுத்த சிலருக்குத்தான் அது.

ஆபரேஷனில் பெருங்குடலை எடுத்துட்டு, சிறுகுடலின் முனையை வயிற்றில் திறந்து ஒரு பை வைப்பாங்க. மலக்குடலை அப்போதைக்கு விட்டு வைப்பாங்க. உடம்பு தேறின பிறகு, விருப்பப்பட்டால், சிறுகுடலையே மடிச்சு உள்ளே ஒரு பை மாதிரி தைச்சு, வழக்கமான வழியிலேயே மலம் போகச் செய்யலாம். 1978லிருந்து உலகம் முழுக்கச் செய்றாங்க. வெளியே பை இருந்தாலும் வேலைக்குப் போகலாம், பைக் ஓட்டலாம், கல்யாணம் பண்ணலாம், குழந்தை பெத்துக்கலாம். எங்க திருப்பூர் தம்பி இப்போ கட்டிங் மாஸ்டர். உள்ளே பை வைக்கிற ஆபரேஷன் வேண்டாம்னுட்டார். "இது பழகிருச்சு சார்" என்கிறார்.

திட்டமிட்டுப் பகலில் செய்ற ஆபரேஷனும், ஓட்டை விழுந்தபிறகு ராத்திரி ரெண்டு மணிக்குச் செய்றதும் ஒண்ணு இல்லை. பயத்தில் நாளைக் கடத்துறவங்களுக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் ரெண்டாவதுதான்.

வீட்டுக்காரங்க கேட்க வேண்டியது

உங்க வீட்டில் யாராவது இந்த நிலையில் படுத்திருந்தா, இதைக் கேளுங்க. இன்னிக்கு எத்தனையாவது நாள்? நேத்து எத்தனை தடவை, எத்தனை தடவை ரத்தத்தோட? ஒரு பேப்பர்ல நீங்களே குறிச்சு வையுங்க, அது எங்களுக்குப் பெரிய உதவி. சி.ஆர்.பி. எவ்வளவு? டி.பி. பரிசோதனை அனுப்பியாச்சா? மூணாவது நாள் சரியாகலைன்னா என்ன திட்டம்? அந்த மருந்து இங்கேயே இருக்கா, சர்ஜன் இருக்காரா, இல்லன்னா எங்கே மாத்தணும்? மாத்துறதா இருந்தா ஓடியாடுற நிலையில் மாத்தணும், ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜனோட இல்லை.

கடைசியா ஒண்ணு. இந்தக் கேள்விகளை வராண்டாவில் நின்னு கேக்காதீங்க. கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் காதுபடக் கேளுங்க. குடல் அவரோடது. அவருக்கு வயசு பதினெட்டு தாண்டிடுச்சுன்னா முடிவும் அவரோடது.

அந்தச் சகோதரியோட அண்ணனுக்கு அஞ்சாவது நாள் இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டாங்களாம். பத்து நாள் கழிச்சு மறுபடி ஒரு மெசேஜ்: ரத்தம் நின்னிருக்கு, ஒரு நாளைக்கு மூணு தடவைதான் போறார், ரெண்டாவது டோஸுக்குத் தேதி கொடுத்திருக்காங்க. சந்தோஷம். இன்னும் முழுசா கரை ஏறலை, அடுத்த சில மாசம் கவனமா இருக்கணும்னு பதில் அனுப்பினேன். ஸ்டீராய்டு மாத்திரையை டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியாத்தான் குறைக்கணும், திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னும் சொன்னேன்.

இது பொதுவான விளக்கம்தான். உங்க உடம்பைப் பார்த்த டாக்டரோட முடிவுக்கு இது மாற்று இல்லை. மலத்தில் ரத்தம் வந்தா மூலம்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. போய்க் காட்டுங்க.